சின்ன ஆயுதம், பெரிய ஓட்டை

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் 2014 பதிப்பில் ஆயுதப் பட்டியலை எடுத்து ஈட்டியையும் திரிசூலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் சேதம் ஓர் ஆறுமுகப் பகடை. இரண்டு கையாலும் பிடித்தால் எட்டுமுகப் பகடை. இரண்டையும் எறியலாம், எறியும் தூரமும் ஒன்றே. ஈட்டியின் விலை 1 தங்கக் காசு, எடை 3 பவுண்டு. திரிசூலம் 5 தங்கக் காசு, 4 பவுண்டு. போதாக்குறைக்கு ஈட்டி எளிய ஆயுத வகையில் வருகிறது, திரிசூலத்துக்குப் போர்ப் பயிற்சி வேண்டும். கூடுதலாகக் காசும் கொடுத்து, சுமையும் சுமந்து, பயிற்சியும் பெற்றவனுக்குக் கிடைப்பது இன்னும் இரண்டு முனைகளின் அழகு மட்டுமே. அதே பட்டியலில் கிளெய்வ், ஹால்பெர்ட் என்று இரண்டு நெடுங்கோல் ஆயுதங்கள் இருக்கின்றன. விலை, எடை, பகடை, வீச்சு எதிலும் வித்தியாசம் கிடையாது. பெயர்தான் வேறு.

ஆயுதச் சமநிலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த மாதிரிப் பட்டியல் பிழைகளைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். எடுத்துக் காட்டுவது சுலபம். ஆனால் திரிசூலத்தால் எந்த ஆட்டமும் கெட்டதில்லை. யாரும் வாங்காத ஆயுதம் யாருக்கும் தீங்கு செய்யாது. ஆட்டத்தை உண்மையிலேயே கவிழ்த்த ஆயுதங்கள் வேறு. பட்டியலில் பார்த்தால் அவை பரம சாதுவாக இருக்கும்: நான்கு வயதுக் குழந்தை கையில் கொடுக்கலாம்போல ஒரு டார்ட், எட்டணா மதிப்பில்லாத ஒரு சங்கிலி, உள்ளங்கையளவு குறுக்குவில்.

இது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது எல்லா ஆயுதத்துக்கும் ஒரே சேதம்தான்: ஓர் ஆறுமுகப் பகடை. குத்துவாளால் குத்தினாலும் இருகைப் பெருவாளால் வெட்டினாலும் ஒன்று முதல் ஆறுக்குள் ஓர் எண். இன்று கேட்பவர்களுக்கு இது அபத்தமாகத் தோன்றலாம். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. செத்தவனுக்குக் குத்துவாள் என்ன, பெருவாள் என்ன? ஆனால் அப்படி வைத்தால், விலை குறைந்த குத்துவாளை விட்டுவிட்டுக் கனமான வாளை வாங்க யாருக்கும் காரணம் இருக்காது. அடுத்த ஆண்டே, 1975இல், கிரேஹாக் என்ற துணைநூல் வந்து ஆயுதத்துக்கு ஆயுதம் பகடையை மாற்றியது. குத்துவாளுக்கு நான்குமுகம், வாளுக்கு எட்டுமுகம். அன்று தொடங்கியது எந்த ஆயுதம் உசத்தி என்ற கணக்கு.

1978இல் வந்த மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின்மீது எப்படிப் பாயும் என்பதற்குத் தனி அட்டவணை, ஆயுதத்தின் வேகத்துக்குத் தனி எண், பெரிய உடல் கொண்ட எதிரிகளுக்கு வேறு சேதம். நிஜத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. சிக்கல், ஒவ்வொரு வெட்டுக்கும் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருந்ததுதான். பல மேசைகளில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கவசத்தைப் பிளப்பதற்கென்றே செய்த ஆயுதங்களுக்குச் சாதகமாக இருந்த ஒரே விதி அதுதான். அதை விட்டதும் நெடுவாள் ராஜாவாகிவிட்டது.

இனி அசல் விஷயத்துக்கு வருவோம். ஒரு தாக்கின் சேதத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஆயுதத்தின் பகடை. மற்றொன்று வீரனின் உடல்வலு, மந்திரம், பயிற்சி ஆகியவற்றால் சேரும் நிலையான கூட்டுத்தொகை. பகடை ஆயுதத்துக்குச் சொந்தம். கூட்டுத்தொகை வீரனுக்குச் சொந்தம். அவன் எதைக் கையில் எடுத்தாலும் கூடவே வரும். தொடக்கத்தில் பகடை பெரிதாகவும் கூட்டுத்தொகை சிறிதாகவும் இருக்கும். ஆட்டம் வளர வளரக் கூட்டுத்தொகை பகடையை விழுங்கிவிடும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்ற கேள்விக்கு மதிப்பில்லை. ஒரு சுற்றில் எத்தனை முறை என்பதுதான் கேள்வி.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் டார்ட்டைப் பாருங்கள். கையால் எறியும் சிறு அம்பு. சேதம் ஒன்று முதல் மூன்று, சராசரி 2. பட்டியலிலேயே மிக நோஞ்சான் ஆயுதங்களில் ஒன்று. ஆனால் ஒரு சுற்றில் மூன்று எறியலாம். கையால் எறியும் ஆயுதம் என்பதால் உடல்வலுவின் கூட்டுத்தொகை ஒவ்வொன்றுக்கும் சேரும். அந்தப் பதிப்பில் போர்வீரனின் உச்ச மனித வலு 18/00. அதற்குச் சேதத்தில் 6 கூடும். அப்படியொரு வீரன் இருகைப் பெருவாளை எடுத்தால் தொடக்க நிலையில் சுற்றுக்கு ஒரு வெட்டு: பகடைச் சராசரி 5.5, வலு 6, மொத்தம் 11.5. அதே வீரன் டார்ட்டை எடுத்தால் ஒவ்வொன்றும் 8, மூன்றும் பட்டால் 24. அதிலும் தனிப்பயிற்சி எடுத்தால் மூன்று நான்காகும். கவசமணிந்த மாவீரன் பெருவாளை முதுகில் மாட்டிவிட்டுப் பை நிறைய டார்ட்டோடு டிராகனைச் சந்திக்கப் போகும் காட்சியை எந்த ஓவியரும் அட்டைப்படமாக வரைய மாட்டார். கணக்கு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

2003இன் மூன்றரைப் பதிப்பில் இதே கோளாறு வேறு உருவில் வந்தது. முள் சங்கிலி. சேதம் இரண்டு நான்குமுகப் பகடை, சராசரி 5. பெருவாளுக்குச் சராசரி 7. அபூர்வ ஆயுதம் என்பதால் பழகுவதற்கென்றே ஃபீட் எனப்படும் சிறப்புத் திறன் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். பலவீனமான ஆயுதம், கூடுதல் விலை. பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற நீள ஆயுதங்கள் 10 அடி தள்ளி நிற்பவனைத்தான் தாக்கும், ஒட்டி நிற்பவனைத் தாக்க முடியாது. சங்கிலி இரண்டையும் செய்தது. எதிரியின் காலை வாரவும் அது உதவியது.

நான் நடத்திய ஆட்டமொன்றில் நண்பர் ஒருவர் இந்தச் சங்கிலியோடு வந்தார். குறுகலான குகை. எதிரே ஓர்க் எனும் அரக்கப் பிராணி ஒன்று கோடரியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தது. 10 அடிக்குள் காலெடுத்து வைத்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தபோது, “என் எல்லைக்குள் நகர்கிறது, வாய்ப்புத் தாக்கு” என்றார். எதிரி இடம் கொடுத்தால், தன் முறை வராமலே அவன்மீது போடும் தாக்கு அது. காலை வாரினார். ஓர்க் விழுந்தது. விழுத்தினால் உடனே ஒரு தாக்கு இலவசம் என்று அவரிடம் ஒரு சிறப்புத் திறன் இருந்தது, அதையும் போட்டார். அதன் முறையில் மிச்சமிருந்த செயலில் ஓர்க் எழுந்தது. எழுவதும் வாய்ப்புத் தாக்குக்கு இடம் தரும் செயல்தான். வழக்கமாக ஒரு சுற்றில் வாய்ப்புத் தாக்கு ஒன்றோடு முடிந்துவிடும். இவரிடம் வேகத்துக்கேற்ப அதைப் பெருக்கும் இன்னொரு திறன் இருந்தது. மறுபடியும் சங்கிலி விழுந்தது. பாவம், அந்த ஓர்க் தன் முறை முழுவதையும் விழுவதிலும் எழுவதிலும் செலவழித்துவிட்டது. கோடரி இறங்கவே இல்லை. நண்பருடைய முறை இன்னும் வரக்கூட இல்லை. மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூவரும் அலைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒவ்வொரு விதியும் தனித்தனியே படித்தால் ஒழுங்கானது. நீளத்துக்கு ஒரு விதி, காலை வாருவதற்கு ஒரு விதி, எழுவதற்கு ஒரு விதி, வாய்ப்புத் தாக்கின் எண்ணிக்கைக்கு ஒரு விதி. நான்கும் சந்திக்கும் இடத்தில்தான் சந்து. அந்தச் சந்தில் சுற்றுக்கு எத்தனை தாக்கு என்ற எண் கட்டுப்பாடில்லாமல் வளர்கிறது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற சகோதர ஆட்டம், சங்கிலியின் நீளத்தை மட்டும் பிடுங்கிவிட்டது. பகடையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு என் மேசையில் அதை யாரும் சீந்தவில்லை.

2014 பதிப்பை எழுதியவர்கள் முந்தைய பதிப்புகளின் கூட்டுத்தொகைக் குவியலை வெகுவாகக் குறைத்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் இரண்டு சிறப்புத் திறன்களில் பழைய பூதத்தைத் தெரிந்தே உள்ளே விட்டார்கள். கனமான ஆயுதம் அல்லது வில் வைத்திருப்பவர், தாக்கு படுகிறதா என்று உருட்டும் பகடையில் 5 கழித்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளலாம். கேட்பதற்குச் சூதாட்டம் போலிருக்கும். ஐந்தாம் நிலை வீரன் ஒருவன், வலுவால் 4 கூட்டல், தாக்கு படப் பயிற்சியால் இன்னும் 3, பெருவாள், எதிரியின் கவச எண், அதாவது தாக்கு பட எட்ட வேண்டிய எண், 15 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 65 விழுக்காடு. சேதம் 11. பெருக்கினால் ஒரு வெட்டுக்கு 7.15. சூதாடினால் 40 விழுக்காடு, சேதம் 21, பெருக்கினால் 8.4. லாபம்தான், ஆனால் பெரிய லாபம் இல்லை. கவச எண் 20 ஆனால் நிலைமை தலைகீழ்: 4.4க்கு எதிரே 3.15. இதுவரை நல்ல வடிவமைப்பு. ஆட்டக்காரர் எதிரியைப் பார்த்து யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

இப்போது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும் சாதகத்தைச் சேருங்கள். கவச எண் 15க்கு எதிரே சாதாரண வெட்டு 9.65, சூதாடிய வெட்டு 13.44. யோசனைக்கு இடமே இல்லை. அந்தப் பதிப்பில் சாதகம் பெறுவது கடினமான காரியம் அல்ல. பார்பேரியன் என்ற முரட்டு வீரன் விரும்பும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஆக, சூதாட்டம் சம்பளமாகிவிட்டது.

இதோடு கைக் குறுக்குவில்லைச் சேர்த்தால் பழைய டார்ட் கதைதான். ஆறுமுகப் பகடை, பட்டியலில் நீள்வில்லுக்குக் கீழே. ஆனால் குறுக்குவில் வல்லுநர் என்ற சிறப்புத் திறன் அதற்கு ஒரு போனஸ் தாக்கைக் கொடுக்கிறது. வேகத்தால் 3 கூட்டல் உள்ள ஐந்தாம் நிலை வீரனுக்கு நீள்வில்லில் இரண்டு அம்பு, இரண்டும் பட்டால் 35. கைக் குறுக்குவில்லில் மூன்று, மூன்றும் பட்டால் 49.5. எட்டுமுகத்துக்கும் ஆறுமுகத்துக்கும் இடையே உள்ள ஒற்றைப் புள்ளி வித்தியாசம் எந்த மூலைக்குப் போயிற்றென்றே தெரியவில்லை. ஒரு கையில் குத்துவாளும் மறு கையில் சிறு குறுக்குவில்லுமாக நிற்கும் ஒரு கொள்ளையனைத்தான் எழுதியவர்கள் மனத்தில் நினைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. வந்து சேர்ந்தது, ஒரே குறுக்குவில்லால் மூன்று முறை சுடும் இயந்திரம்.

சோதித்துப் பார்க்காமலா வெளியிடுகிறார்கள் என்று கேட்கலாம். சோதிக்கிறார்கள். ஆனால் 50 சிறப்புத் திறன்கள் இருந்தால் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்க 1,225 வழிகள். 100 இருந்தால் 4,950. மூன்று மூன்றாகச் சேர்ப்பதை விடுங்கள். துணைநூல்கள் ஆண்டுக்கணக்கில், வேறு வேறு கைகளால் எழுதப்படுகின்றன. ஆட்டக்காரர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள்; வடிவமைப்பாளர் சில மாதம் பார்த்ததை அவர்கள் பத்து வருடம் துருவுவார்கள்.

விதிகளின் சந்துபொந்தில் இன்னொரு வகையும் உண்டு. அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. மேலே சொன்னவை ஆட்டத்துக்குள் நிஜமாகவே நடப்பவை. இரண்டாவது வகை பெரும்பாலும் நகைச்சுவைக்காகக் கண்டுபிடித்தவை. புகழ்பெற்றது குடியானவர் பீரங்கி. 2,280 குடியானவர்களை 5 அடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்துங்கள். 2 மைலுக்கு மேல் நீளும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் ஈட்டியைக் கொடுத்ததும் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பதாகத் தயார்நிலைச் செயலில் நிற்கிறார்கள். விதிப்படி இவ்வளவும் ஒரே சுற்றில், அதாவது 6 நொடியில் முடிந்துவிடும். ஈட்டியின் வேகம் நொடிக்கு 1,900 அடி, ஒலியைவிட அதிகம். கடைசிக் குடியானவர் அதை எறிந்தால் டிராகன் சாம்பல்!

சாம்பல் ஆகாது. விதிப்படி எறிந்த ஈட்டிக்குச் சேதம் ஓர் ஆறுமுகப் பகடை, அவ்வளவே. ஈட்டியை நகர்த்த விதியைப் பிடித்துக்கொண்டு, சேதத்தைக் கணக்கிட மட்டும் இயற்பியலுக்குத் தாவுவதுதான் இந்த வித்தை. இரண்டில் எதை முழுதாகப் பின்பற்றினாலும் பீரங்கி வெடிக்காது. ஆட்டத்தை நடத்துபவருக்கென்று எழுதிய 2024 பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று ஒரு குறிப்பே எழுதி, வரிசையில் நின்று ஈட்டியைக் கைமாற்றும் இந்தத் தந்திரத்தை உதாரணமாகவும் சொல்லிவிட்டது. நகைச்சுவைக்கு அதிகாரபூர்வப் பதில்!

மூன்றரைப் பதிப்பில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. 10 அடி ஏணி 5 செப்புக் காசு, 10 அடிக் கழி 2 வெள்ளிக் காசு. ஏணியை வாங்கிப் படிகளை அறுத்தெறிந்து இரண்டு கழிகளைப் பாதி விலைக்கு விற்றால்கூட நான்கு மடங்கு பணம். நீரில் மூழ்கத் தொடங்குபவரின் உயிர்ப்புள்ளி 0 ஆகும் என்று விதி சொல்கிறது. சாகக் கிடந்து எதிர்மறை எண்ணில் இருப்பவரின் தலையை வாளியில் அமுக்கினால் அவருக்குக் குணமாகிறது. இவற்றை யாரும் ஆட்டத்தில் செய்து நான் பார்த்ததில்லை.

எலிப் பையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. 2000இன் மூன்றாம் பதிப்பில் சுழன்று சுற்றியுள்ள எல்லாரையும் தாக்க ஒரு திறன் இருந்தது. ஒருவனைக் கொன்று சாய்த்தால் பக்கத்தில் இருப்பவன்மீது இன்னொரு தாக்கு இலவசம் என்று மற்றொரு திறன். பையிலிருந்து எலிகளைக் கொட்டிவிட்டுச் சுழன்றால், சாகும் ஒவ்வோர் எலிக்கும் எதிரே நிற்கும் அரக்கன்மீது ஒரு வெட்டு. நகைச்சுவைதான், ஆனால் கணக்கு டார்ட்டின் கணக்கேதான். மூன்றரைப் பதிப்பில், சுழன்று தாக்கும்போது வேறு எந்தத் திறனாலும் கூடுதல் தாக்கு கிடையாது என்று ஒரு வாக்கியம் சேர்த்து அடைத்தார்கள். 2024 கையேடோ பொதுவாகவே, சண்டைக்கான விதிகளைத் தூண்டுவதற்காக அப்பாவிப் பிராணிகளைத் தாக்க விடாதீர்கள் என்று நடத்துபவருக்குச் சொல்லிவிட்டது. முதலாவது சட்டத் திருத்தம், இரண்டாவது நீதிபதிக்கு அறிவுரை. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. விதியை விதியால் அடைத்தால் அந்தப் புது விதிக்கும் மூலைகள் இருக்கும்.

கோளாறு எங்கே என்று சரியாகப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டம் சேதப் பகடையை ஆயுதத்திடமிருந்து பிடுங்கி வீரனின் தொழிலிடம் கொடுத்துவிட்டது. எதை எடுத்து வீசினாலும் போர்வீரன் போர்வீரன்தான். 2019இன் இரண்டாம் பாத்ஃபைண்டர் எண்ணிக்கைக்கே வரி போட்டது. ஒரு முறையில் இரண்டாவது தாக்குக்கு 5 கழியும், மூன்றாவதற்கு 10. இலகு ஆயுதமானால் 4, 8. மந்திரமும் பெரும்பாலும் கூட்டுத்தொகையாக வராமல் ஆயுதத்தின் பகடையையே இரட்டிப்பதால், பன்னிருமுகப் பகடைக்காரன் கடைசிவரை பன்னிருமுகப் பகடைக்காரனாகவே இருக்கிறான். என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் இதுவே கெட்டிக்காரத்தனமான தீர்வு. அங்கேயும் இந்த வரியைக் குறைத்துக்கொள்ளும் ரேஞ்சர் என்னும் வனவீரர் ஒருவர் இருக்கிறார். இலகு ஆயுதத்தோடு அவருக்குக் கழிவு 2, 4 மட்டுமே. தண்ணீர் எங்கே பாயும் என்று சொல்லத் தேவையில்லை.

2024இன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 5 கழித்து 10 கூட்டும் சூதாட்டத்தை நீக்கிவிட்டது. ஆயுதங்களுக்கு எட்டு வகைத் தேர்ச்சிக் குணங்களைப் பகிர்ந்தளித்தது. கிளெய்வும் ஹால்பெர்டும் ஒருவழியாகப் பிரிந்தன: கிளெய்வ் தவறினாலும் கீறும், ஹால்பெர்ட் பக்கத்தில் நிற்பவனையும் வெட்டும். பக்கத்து வெட்டுக்கு ஒரு முறையில் ஒன்று என்று வரம்பு. இலகு ஆயுதங்களின் கூடுதல் தாக்குக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கூடுதல் தாக்கு வேறொரு இலகு ஆயுதத்தால் நடக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மறு கையில் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. தாக்கும்போதே ஆயுதத்தை உருவவோ உறையிலிடவோ அனுமதியும் உண்டு. எழுதியபடி படித்தால், இடது கையில் கேடயம் அப்படியே இருக்க, வலது கையில் குறுவாளால் குத்தி உறையிலிட்டு, வளைவாளை உருவி வெட்டலாம். இரண்டு கை வீரனின் வேலையை ஒரு கையால் முடித்துவிடலாம்.

திரிசூலத்துக்கும் விடிவு வந்தது. விலை அதே 5 காசு. சேதம் எட்டுமுகம், இரண்டு கையால் பிடித்தால் பத்துமுகம். கூடவே ஒரு தேர்ச்சிக் குணம்: தாக்கு பட்டால் எதிரி உடல் உறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும், தோற்றால் கீழே விழுவான். இந்தக் குணத்துக்கு ஒரு முறையில் எத்தனை தடவை என்று வரம்பு எதுவும் எழுதவில்லை.